ஜெசிந்தா வீட்டுக்கு வழி

ஜெசிந்தா வீடா? சொல்கிறேன். முதலில் உள்ளே வா. அந்த பெஞ்சில் உட்கார். தூசியைத் தட்டிவிட்டு உட்கார். ஆள் உட்கார்ந்து நாளாகிவிட்டது, அதனால் வந்த தூசி.

தனியாகவா வந்தாய்? வீட்டுக்காரர், அண்ணன், தம்பி யாரும் கூட வரவில்லையா? சரி, சரி. முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. சும்மா கேட்டேன்.

நீ மட்டும் இல்லையம்மா. பஸ்ஸை விட்டு இறங்குகிற பெண்பிள்ளைகள் எல்லாரும் வாசலில் இருக்கிற கொடிக்கம்பத்தைப் பார்த்துவிட்டு நேராக இங்கேதான் வருகிறார்கள். நானும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்காருவேன். படியில் நின்றபடியே, "ஐயா, ஜெசிந்தா அக்கா வீடு எங்கங்க?" என்பார்கள். ஐயாவாம். என் பெயர் சவடமுத்து. தோழர் சவடமுத்து. இந்தப் பஞ்சாலைச் சங்கத்தின் செயலாளர். இன்றைக்கும் நான்தான் செயலாளர். போர்டில் பார், பெயிண்ட் உரிந்திருக்கும், பெயர் தெரியும்.

நான் வழி சொல்கிற ஆள் இல்லை. இந்த மில்லில் பெண்களுக்குக் கக்கூஸ் கட்ட வைத்தவன் நான். அதற்காக மதுரை ஜெயிலுக்குப் போனவன். கஞ்சிக்கு உப்புப் போடச் சொல்லி ஜெயிலுக்குள்ளேயும் உட்கார்ந்து போராடியவன். பள்ளிக்கூடத்துக்குப் போனதைவிட அச்சகத்துக்குப் போனது அதிகம். நோட்டீஸ் படித்துத்தான் எழுத்துக் கற்றுக்கொண்டேன். நோட்டீஸ் எழுதித்தான் ஆளானேன். திண்டுக்கல் வட்டாரத்தில் என் நோட்டீஸைத் தலைப்பைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள், இது சவடமுத்து எழுதியது என்று.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நீ அங்கே போனதும் அவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். ஒன்றைக் கேட்டுவிட்டு இன்னொன்றைக் கேட்பதுதான் நியாயம்.

ஜெசிந்தா கோன் வைண்டிங்கில், அதாவது கோனில் நூல் சுற்றுகிற பிரிவில் இருந்தாள். உனக்கும் மில் வேலைதானே? விரலைப் பார்த்தால் தெரிகிறதே, நூல் அறுத்த தழும்பு. எந்த மில்? சொல்ல வேண்டாமா? சரி, சொல்லாதே.

அவள் புருஷன் கேரளாவில் லாரி ஓட்டுகிறான். மாசத்துக்கு ஒரு தடவை வருவான். வீட்டில் மாமியாரும் ஒரு மகளும். அவளுக்கு மேலே மேஸ்திரி தனுஷ்கோடி. அந்தப் பயல் யார் தெரியுமா? நாங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பின்பக்கச் சுவரேறி உள்ளே போய் மெஷின் ஓட்டியவன். அதற்கு நிர்வாகம் கொடுத்த பரிசுதான் மேஸ்திரி வேலை. என்னைப் பார்த்தால் எச்சில் துப்பிவிட்டுப் போவான்.

அவன் அவளைத் தொந்தரவு பண்ணியிருக்கிறான். கோன் மாற்றக் குனியும்போது கை வைப்பான். கேட்டால் வழி விடச் சொன்னேன் என்பான். அவள் ஒரு நாள் எல்லார் முன்னாலும், "கையை எடுடா" என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் லீவு கிடையாது, நல்ல மெஷின் கிடையாது, கழிவுப் பஞ்சு அள்ளுகிற இடத்துக்கு மாற்றிவிட்டான். பஞ்சுத் தூசியில் மூச்சு முட்டி இருமிக்கொண்டே வேலை பார்த்திருக்கிறாள்.

இங்கேதான் முதலில் வந்தாள். அதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். என்னிடம்தான் முதலில் வந்தாள். நீ நின்றாயே, அதே படியில் நின்றாள்.

"தோழர், ஒரு விஷயம் பேசணும்."

"வீட்டுக்காரர் எங்கம்மா?"

"லோடு போயிருக்காருங்க."

"வந்ததும் அவரைக் கூட்டிட்டு வா. பேசிக்கலாம்."

அவ்வளவுதான் பேச்சு. இதில் என்ன தப்பு, சொல். இந்தச் சங்கத்தில் ஆதியிலிருந்தே அப்படித்தான். பெண்களுக்கு ஒரு குறை என்றால் வீட்டு ஆம்பளை வந்து சொல்வார். அப்பாவோ அண்ணனோ யாராவது. பெண்பிள்ளை தனியாகச் சங்கத்துக்குள் வந்து உட்கார்ந்தால் நாளைக்கு அவளைத்தானே நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்? மரியாதைக்காகச் செய்தது. அவளுடைய மரியாதைக்காக.

அவளோ திரும்பிப் போய்விட்டாள். போனவள் சும்மா இருந்தாளா? கேன்டீனில் கை கழுவுகிற இடத்துக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கும். பெண்களுக்கான புகார்க் குழு, இன்னார் இன்னார் உறுப்பினர். நான் அந்தத் தாளைப் பார்த்துச் சிரித்தவன். நிர்வாகம் வைத்த குழு நிர்வாகத்துக்குத்தான் வேலை செய்யும் என்று கேட் கூட்டத்திலேயே பேசியிருக்கிறேன். அந்தத் தாளில் இருந்த நம்பருக்கு அவள் போன் பண்ணியிருக்கிறாள். குழுவில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்று சட்டமாம். அப்படி இருந்தவர் பேகம்பூர் வக்கீலம்மா, ரஹ்மத் பீவி. அவரிடம் கேட்டுக்கொண்டு, தானே உட்கார்ந்து புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அதோடு விட்டாளா? விசாரணை முடிகிறவரைக்கும் வேறு இடத்துக்கு மாற்றித் தரலாம் என்று அவர்கள் சொன்னார்களாம். இவள், "நான் ஏன் போகணும்? அவனை மாத்துங்க" என்றாளாம். மாற்றினார்களே! தனுஷ்கோடியைத் தூக்கி ஸ்டோர் ரூமில் போட்டார்கள். இவள் மறுபடியும் வைண்டிங்குக்கு வந்து நின்றாள்.

ஒரு கோஷம் இல்லை. ஒரு கொடி இல்லை. கேட்டில் ஒரு ஆள் கூட நிற்கவில்லை. நான் அந்த தனுஷ்கோடியை ஒரு இஞ்ச் நகர்த்த எத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தினேன் தெரியுமா? இவள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள், நகர்ந்துவிட்டான். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அநியாயம் நடந்துவிட்டதே என்றுதான்.

டீக்கடையில் ஒருத்தன் வேண்டுமென்றே கேட்கிறான், "என்ன தோழர், சங்கத்தைக் கலைச்சாச்சா? இனிமே ஜெசிந்தாகிட்டதான் சந்தா கட்டணுமா?" சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அப்புறம் நான் சும்மா இருக்க முடியுமா? சங்கம் என்று ஒன்று இருக்கிறதே. நோட்டீஸ் எழுதினேன்.

அதைப் படித்துக்காட்டவா? மனப்பாடமாகவே சொல்கிறேன். "காமவெறி மேஸ்திரியே, கையை எடு! பொங்கி எழுந்தாள் வீராங்கனை ஜெசிந்தா! நள்ளிரவில், ஆளரவமற்ற குடோனில், ஆணவத்தின் கரங்களைத் தட்டிவிட்ட அந்த வீரமகளின் பின்னால் அணி திரள்வோம்!" எப்படி? எத்தனை வருஷம் கழித்து எழுதியது, கை மறக்கவில்லை. வீராங்கனை ஜெசிந்தா என்று பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். கீழே என் பெயரையும் அதே அளவில் போட்டுவிட்டார்கள், அது அச்சகத்துக்காரன் செய்தது. ஷிப்ட் விடுகிற நேரத்தில் கேட்டில் மைக் கட்டி, அவள் பெயரைச் சொல்லி, "வீராங்கனை வாழ்க" என்று கோஷம் போட்டேன். எல்லாரும் நின்று கேட்டார்கள். ரொம்ப நாளைக்கு அப்புறம் நின்று கேட்டார்கள்.

அவள் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தாள். கூட்டம் அவளைத் திரும்பிப் பார்த்தது. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கடந்து போனாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். பெருமைப்பட வேண்டிய நேரத்தில் சிலர் வெட்கப்படுவார்கள்.

மறுநாள் வந்தாள். படியில் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்தாள். மேஜை மேல் ஒரு கசங்கிய தாளை வைத்தாள். என் நோட்டீஸ்தான், எண்ணெய் ஊறிப் போயிருந்தது.

"எம் பொண்ணு போண்டா வாங்கப் போச்சு. இதுலதான் மடிச்சுக் கொடுத்திருக்கான். படிச்சிட்டு வந்து, காமவெறின்னா என்னம்மான்னு கேக்குது. எங்க மாமியா காதுல விழற மாதிரி கேக்குது."

"கடைக்காரன் செஞ்ச தப்புக்கு நான் என்னம்மா பண்ணுவேன்?"

"எம் பேரைப் போட யாரு உங்களைக் கேட்டா?"

"பேரு இல்லாம ஒரு போராட்டம் நடக்குமா ஜெசிந்தா? நாளைக்கு உன் பேரு நிக்கும்மா."

"இது போராட்டம் இல்ல தோழர், என் இடுப்பு."

அப்படியே சொன்னாள். ஒரு பொம்பளை, ஒரு சங்க ஆபீசில், என் முகத்துக்கு நேராக. தலைவர்களோடு விவாதம் பண்ணியிருக்கிறேன், கலெக்டரோடு பண்ணியிருக்கிறேன். இதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை.

"அப்புறம் குடோன்ங்கிறீங்க, நள்ளிரவுங்கிறீங்க. நான் என்னைக்கு குடோனுக்குப் போனேன்? பட்டப்பகல்ல மெஷின்கிட்ட நடந்தது. உங்களுக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. டீக்கடையில் காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு நானே கொஞ்சம் ஒழுங்குபடுத்தினேன். மெஷின் பக்கத்தில், பகல் ஷிப்டில் என்று எழுதினால் யாருக்கு ரத்தம் கொதிக்கும்? குடோன் என்றால் ஒரு எடுப்பு இருக்கிறது. எழுதுகிறவனுக்குத்தான் அது தெரியும்.

இந்த குடோனைத்தான் தனுஷ்கோடி பிடித்துக்கொண்டான். குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டான்: இது சவடமுத்து சங்கம் ஜோடித்த பொய்ப் புகார், பழைய வேலைநிறுத்தப் பகை, புகாரில் மெஷின் என்கிறாள், நோட்டீஸில் குடோன் என்கிறார்கள், சொல்லிக் கொடுத்ததைக் கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை, என்று. குழு என்னைச் சாட்சியாக வரச் சொல்லிக் கூப்பிட்டது.

போகிறதுக்கு முந்தின நாள் மில்லின் பர்சனல் ஆபீசர் என்னைத் தேடி வந்தார். இந்த ஆபீசுக்கு! காரில்! நீ உட்கார்ந்திருக்கிற அதே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"தோழர், உங்களைக் கேக்காம இந்த மில்லுல ஒரு பொண்ணு வாயைத் திறப்பாளா? கேஸை எடுத்து நடத்துறது நீங்கதான்னு எங்களுக்குத் தெரியாதா? அதை அப்படியே வந்து சொல்லுங்க போதும். உங்க சங்கத்தைக் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசணும்னு முதலாளிக்கே ஒரு எண்ணம் இருக்கு."

உன்னிடம் மறைப்பானேன், கேட்கக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. அவர் சொன்னதில் பொய் என்ன? எல்லாப் பெண்ணும் வாயைத் திறக்கக் கற்றுக்கொண்டது என் கேட் கூட்டத்தில்தானே? கக்கூஸ் யாரால் வந்தது? அப்படிப் பார்த்தால் இதுவும் நான் நடத்திய கேஸ்தான். நானும் அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன்.

ஏசி ரூம். நீள மேஜை. ஜெசிந்தா ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு வார்த்தை, "தோழர், பார்த்துச் சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன குறைந்து போயிருப்பாள்? ரஹ்மத் பீவியைப் பார்த்தேன். சின்ன உருவம், பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு மட்டும் கேட்கிற குரல். இந்தம்மா எந்த ஊர்வலத்தில் நடந்திருப்பார்? எந்த ஜெயிலில் களி தின்றிருப்பார்? அவரைப் பார்த்து ஜெசிந்தா லேசாகத் தலையசைத்தாள். என்னைப் பார்த்து ஒருநாளும் அப்படி அசைத்ததில்லை.

நான் உள்ளே போனதும் தனுஷ்கோடி எழுந்து நின்றான். "வாங்க தலைவரே" என்றான். என்னைப் பார்த்து எச்சில் துப்புகிற அந்த வாய். தலைவரேயாம்! தன் பக்கத்து நாற்காலியை எனக்காக இழுத்துப் போடுகிறான்.

அந்த நாற்காலியைப் பார்த்தேன். நான் இவ்வளவு நேரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னால் அதில்தான் உட்கார வேண்டும். அவனுக்குப் பக்கத்தில்.

நான் நின்றுகொண்டே பேசினேன்.

"ஐயா, இந்தப் பெண் உங்ககிட்ட வந்து புகார் சொன்னாங்களா?" என்று வக்கீலம்மா கேட்டார்.

"இல்லைங்க."

"உங்களைப் பார்க்கவே வரலையா?"

"வந்தாங்க. வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வரச் சொல்லி அனுப்பிட்டேன்."

"என்ன நடந்ததுன்னு நீங்க கேக்கலையா?"

"கேக்கலைங்க. எங்க வழக்கம் அப்படி."

"அப்போ இந்த குடோன் விஷயம் உங்களுக்கு யார் சொன்னது?"

தனுஷ்கோடி என்னையே பார்க்கிறான். பர்சனல் ஆபீசர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கிறார். ஜெசிந்தா மட்டும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"யாரும் சொல்லலைங்க. நானா எழுதினது."

"ஏன் அப்படி எழுதினீங்க?"

"நோட்டீஸ்னா அப்படித்தாங்க எழுதணும்."

அந்தம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கூடத் தேவலை. "அப்போ இந்தப் புகாருக்கும் உங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, சரிங்களா?" என்றார். "சரிங்க" என்றேன். எழுதிக்கொண்டார்கள். புகார் கொடுத்தவள் பெயரை வெளியில் சொல்லக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, இனி சொல்லாதீர்கள் என்று ஒரு புத்திமதியும் சொன்னார். எனக்கு! பெயரைச் சொல்லிச் சொல்லியே ஆட்களைத் தலைவராக்கியவன் நான்.

தனுஷ்கோடி அப்புறம் நிற்கவில்லை. கூட வேலை பார்த்த பெண்கள் மூன்று பேர் வந்து பார்த்ததைச் சொன்னார்கள். அவனை வேலையை விட்டுத் தூக்கினார்கள். ஆனால் யோசித்துப் பார், அந்தப் புகார் நின்றது யாரால்? அன்றைக்கு நான் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால்? குழு போட்ட உத்தரவில் அதற்கு ஒரு வரி உண்டா என்று விசாரித்தேன். என்னைப் பற்றி ஒரே ஒரு வரிதானாம். சங்கச் செயலாளருக்கு இதில் பங்கு ஏதும் இல்லை என்று.

அன்றைக்கு நான் சாட்சி சொல்லி முடித்ததும் வராந்தாவில் அவள் என்னிடம் வந்தாள். நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று துண்டைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

"தோழர், அந்த நோட்டீஸ் மிச்சம் இருக்கா?"

"ஒரு கட்டு இருக்கும்மா. கொண்டாரச் சொல்லட்டா?"

"வேணாம். அடுப்புல போட்டுருங்க."

அவ்வளவுதான். போய்விட்டாள்.

இப்போது அவளையும் அந்தக் குழுவில் ஒரு உறுப்பினராகப் போட்டிருக்கிறார்கள். போகட்டும். அவளுக்கு என்ன தெரியும்? ஒரு மைக்கைப் பிடிக்கத் தெரியுமா? இந்த மே தினத்தன்று இதே கொடிக்கம்பத்தடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வைண்டிங் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். இத்தனை பெண்கள் என் கொடியேற்றத்துக்கு வந்ததே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல், "ஜெசி அக்கா ஏத்தட்டும்!" உடனே எல்லாக் குரலும், "ஜெசி அக்கா! ஜெசி அக்கா!" அவள் முன்னால் வந்து கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எனக்கு இந்த முடிச்செல்லாம் வராதுப்பா, தோழரே ஏத்தட்டும்" என்றாள். எல்லாரும் சரி என்றார்கள். நான் ஏற்றினேன். கை தட்டினார்கள்.

என் கொடி. என் கம்பம். அவள் கொடுத்து நான் ஏற்றினேன். அதைத்தான் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. பிடுங்கியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். எனக்குச் சண்டை போடத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு வாசலில் போய்ப் பார். ஒரே செருப்பாகக் கிடக்கும். எல்லாம் பெண்பிள்ளைச் செருப்பு. நான் போய்ப் பார்க்கவில்லை, ரேஷன் கடைக்கு அந்த வழியாகப் போகும்போது கண்ணில் பட்டது. ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடை ஏது என்றா பார்க்கிறாய்? திறந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன். உள்ளே சிரிக்கிற சத்தம் கூடக் கேட்டது. தொந்தரவுக்கு ஆளானவர்கள் கூடி உட்கார்ந்து எதற்குச் சிரிக்கிறார்கள்? எங்கள் கூட்டத்தில் யாரும் சிரித்ததில்லை. அவ்வளவு கட்டுப்பாடு.

என்ன, எழுந்துவிட்டாய்? என்னிடம் சொன்னால் ஆகாதா? நானும் உள்ளே உட்கார வைத்துத்தானே பேசினேன்? உன் பெயரைக் கூட நான் கேட்கவில்லை, கவனித்தாயா? எந்த மில் என்று ஒரு தடவைதான் கேட்டேன். இப்போதும் கேட்கவில்லை. அழாதே. அழுகிற ஆளைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. அந்தச் செம்பில் தண்ணீர் இருக்கிறது, குடி.

நடந்து எத்தனை நாள் ஆகிறது என்று மட்டும் யோசித்து வைத்துக்கொள். மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இதை அவளும் சொல்வாள். ஆனால் முதலில் சொன்னது நான்.

வழிதானே? இந்தச் சந்தில் நேராகப் போ. அந்தோணியார் கெபி, சிலை வைத்த சின்னக் கோயில், வரும். அதற்கு இடது கைப்பக்கம் திரும்பினால் பச்சைக் கதவு. நான் கூட வரட்டுமா? வேண்டாமா? சரி. தனியாகவே போ. தனியாகப் போகிறவர்களைத்தான் அவளுக்குப் பிடிக்கிறது.

யார் வழி சொன்னது என்று கேட்பாள். தோழர் சவடமுத்து என்று சொல். மறக்காமல் சொல்.

இரு, இரு. கதவைத் தட்டும்போதே சொல்லிவிடாதே. அவள் திறக்கட்டும். திறந்து, உன்னை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைக்கட்டும். அதற்கப்புறம் சொல்.